பீளை என்ற சொல்லில் என்ன அசிங்கம்?



கண் சுகாதாரம் பற்றிய பாடத்தில் "பீளை" என்று பலகையில் எழுதினோம். மஃரிபுக்கு முன்பே பெற்றோரின் வட்ஸ்அப் குழுமத்தில் குரல் பதிவுகள் வந்துவிட்டன. அசிங்கமான சொல்லாம். "பீ"யில் தொடங்குகிறதாம். "கண் அழுக்கு" என்று சொன்னால் போதுமாம்.

பீர்க்கங்காயும் "பீ"யில்தான் தொடங்குகிறது. சந்தையில் யாரும் பெயர் மாற்றிக் கேட்பதில்லை.

கண்ணில் விழுந்த தூசும் அழுக்கு, கலைந்த சுருமாவும் அழுக்கு. பீளை அப்படியல்ல. கண்ணே சுரந்து, ஓரத்தில் திரண்டு, காய்ந்தால் பொருக்காகும் பசை அது. எங்கள் உம்மும்மாமார் "கண்ணீர் வடியுது" என்பதையும் "பீளை தள்ளுது" என்பதையும் ஒருநாளும் குழப்பவில்லை. "பீளை கட்டி இமை ஒட்டிட்டு" என்றால் நோயின் பாதி விபரம் அதிலேயே இருக்கிறது.

இப்போது ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது? மூத்தவர் பீளை என்கிறார். கூடப் போன பேரப்பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாது. "கண்ணால தண்ணி வருதாம்" என்று டொக்டரிடம் சொல்லிவிடுகிறது. தெளிந்த நீராக வடிந்தால் ஒவ்வாமையா, வைரஸா என்று யோசிப்பார்கள். மஞ்சளாகத் தடித்து இமையை ஒட்டினால் பக்டீரியாவைச் சந்தேகிப்பார்கள். சிங்களத்தில் இதற்குக் "கப" என்ற சொல் இருக்கிறது, டொக்டருக்கும் அது தெரியும். தமிழிலேயே சொல் இல்லாத பிள்ளை எதை மொழிபெயர்க்கும்? பிறந்து 28 நாளாகாத குழந்தையின் இமை வீங்கிச் சீழ் போலப் பீளை வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அதை "அழுக்கு" என்று துடைத்துவிட்டு இருக்க முடியாது.

சிலருக்கு அரபியில் சொன்னால்தான் ஏறும். அரபியில் இதற்கு இரண்டு சொல்: காய்ந்து இறுகினால் ரமஸ், வடிந்தால் கமஸ். அனஸ் (ரழி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரழி) அவர்களுக்கு ருமைஸா, குமைஸா என்றும் பெயர். இமாம் நவவி அவற்றை இந்தச் சொற்களோடு சேர்த்தே விளக்குகிறார். சுவர்க்கத்தில் அவரது காலடியோசை கேட்டதாக வரும் ஹதீஸிலும் அந்தப் பெயர்தான். எங்கள் வகுப்பு இடாப்பிலும் ருமைஸாக்கள் உண்டு. அழகான பெயர், ஒருவரும் கூச வேண்டாம். ஆனால் அரபியில் பெருமையாக இருப்பது தமிழுக்கு வந்ததும் எப்படி அசிங்கமாகிறது?

வுழூவுக்கும் இந்தச் சொல் வேண்டும். கண்ணோரத்தில் காய்ந்த பீளை தண்ணீர் தோலில் படுவதைத் தடுத்தால் அதை அகற்றிக் கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். சுபஹுக்கு அரைத்தூக்கத்தில் எழும் பிள்ளைக்கு எதை அகற்று என்று சொல்வது?

குரல் பதிவு அனுப்பியவர்கள் பாடசாலைக்கு வாருங்கள், பேசுவோம். அடுத்த வாரம் மீட்டல் பரீட்சை. முதலாம் கேள்வி: கண்ணீருக்கும் பீளைக்கும் உள்ள வித்தியாசம் என்ன?