பிரான்ஸில் சொந்த வீடு... ஆனால் கோடை லீவுக்குப் போக முடியாது! ஏன்?

பிரான்ஸின் டோர்டோன் பகுதிக் கிராமங்களில் பிரிட்டிஷ்காரர்கள் பலருக்கு வீடு இருக்கிறது. லீவுக்குத் திட்டம் போடும்போது அவர்களின் முதல் கேள்வி: ‘இன்னும் எத்தனை நாள் பாக்கி?’

என்ன மாறியது?
பிரெக்ஸிட். 2020 டிசம்பர் 31 வரை நாள் கணக்குப் பார்க்காமல் வந்துபோனார்கள். இப்போது விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். ஷெங்கன் விசாவில் டூர் போன நமக்குப் பழகிய அதே கணக்கு!

கணக்கு எப்படி?
ஏப்ரல் 1 வந்து தொடர்ந்து தங்கினால், ஜூன் 29-க்குள் கிளம்பியாக வேண்டும். திரும்ப வர செப்டம்பர் 28 ஆகிவிடும். ஜூலை, ஆகஸ்ட் காலி! கூடுதலாகத் தங்க நீண்டகால விசா வேண்டும்.

அங்கேயே குடியிருப்பவர்கள்?
பிரெஞ்சு குடியிருப்பு அட்டை இருந்தால் பிரான்ஸில் இந்த வரம்பு இல்லை. ஆனால் குளிருக்குப் பயந்து ஸ்பெயின் போனால், அங்கே அதே 90 நாள்தான்.

யார் எண்ணப் போறாங்க?
கம்ப்யூட்டர்! 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகை, முகப்படப் பதிவு படிப்படியாக வந்திருக்கிறது. குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கு இதில் விலக்கு.

ஆக, வீட்டுப் பத்திரம் வேறு, தங்கும் உரிமை வேறு.