ஊர்ப் பகையில் கொலை, 40 பேர் மேல் வழக்கு: அப்பீலில் சிலர் மட்டும் விடுதலை ஆவது ஏன்?

'ஊர்ப் பகையில் நடந்த கொலை: சிலருக்கு ஆயுள் உறுதி, சிலர் விடுதலை'. இந்த மாதிரி தலைப்பை மொபைலில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். கீழே கமென்ட்டில் ரெண்டு கோஷ்டி சண்டை போடும். "கொலைகாரனை விட்டுட்டாங்க" என்பார் ஒருவர். "அப்பாவியை இத்தனை வருஷம் உள்ளே வெச்சுட்டாங்க" என்பார் இன்னொருவர்.

ஒரே சம்பவம், ஒரே சாட்சிகள், ஒரே எஃப்.ஐ.ஆர். அப்புறம் எப்படி செஷன்ஸ் கோர்ட் ஒன்று சொல்கிறது, உயர் நீதிமன்றம் வேறொன்று சொல்கிறது? இதைப் புரிந்துகொள்ள 60 வருஷத்துக்கு முந்தைய ஒரு வழக்கைப் பார்க்க வேண்டும். இன்றைக்கும் இந்தியாவில் எந்த ஊர்ச் சண்டை கொலை வழக்கானாலும் வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

*பிலாட்டி குர்தில் என்ன நடந்தது?*

உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி மாவட்டத்தில் பிலாட்டி குர்த் என்று ஒரு கிராமம். ஊருக்குள் இரண்டு கோஷ்டிகள், நீண்ட நாள் பகை. 1961 நவம்பர் 29 காலையில் ஒரு கோஷ்டி கூட்டமாகத் திரண்டு, எதிர்க் கோஷ்டியைச் சேர்ந்த 5 பேரைக் கொன்றது.

40 பேர் மீது வழக்கு. விசாரணை நீதிமன்றம் 35 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் 10 பேருக்குத் தூக்கு, மற்றவர்களுக்கு ஆயுள். அலகாபாத் உயர் நீதிமன்றம் 7 பேரை விடுதலை செய்துவிட்டு 28 பேரின் தண்டனையை உறுதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1964 மே மாதம் தீர்ப்பு வந்தது. அதுதான் 'மசால்தி எதிர் உத்தரப் பிரதேச அரசு'.

மேல்முறையீட்டில் குற்றவாளிகள் தரப்பு வைத்த வாதங்களில் இரண்டு முக்கியமானவை. இன்று எந்த கோர்ட்டுக்குப் போனாலும் அதே வாதங்களைக் கேட்கலாம்.

*வாதம் 1: 'சாட்சி சொன்னதெல்லாம் அவங்க ஆளுங்க'*

செத்தவர்களின் உறவினர்களும் அதே கோஷ்டிக்காரர்களும்தான் சாட்சிகள். ஏற்கெனவே பகை இருக்கிறது. பழிவாங்கப் பொய் சொல்ல மாட்டார்களா?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் உச்ச நீதிமன்றம் கேட்டது வேறு. இரண்டாகப் பிளந்து கிடக்கிற ஊரில் கொலையை யார் பார்த்திருப்பார்? எந்தப் பக்கமும் சேராதவர் முன்வந்து சாட்சி சொல்வாரா? வேண்டியவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சியத்தைத் தூக்கி எறிந்தால், இப்படிப்பட்ட வழக்குகளில் நியாயமே கிடைக்காது. அதனால் அந்தச் சாட்சியத்தை மறுக்கக் கூடாது, ஆனால் ரொம்பக் கவனமாக அலச வேண்டும் என்றது.

1953-லேயே தலீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டது. நெருங்கிய சொந்தக்காரர் உண்மையான கொலையாளியை விட்டுவிட்டு வேறொருவரைக் காட்டிக்கொடுக்க மாட்டார். ஆனால் கோபம் தலைக்கேறி, பகையும் இருக்கும்போது, குற்றவாளியோடு சேர்த்து ஒரு நிரபராதியையும் இழுத்துவிடுவது நடக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், கொல்வதற்கும் பகைதான் காரணம், பொய்யாகப் பெயர் சேர்ப்பதற்கும் அதே பகைதான் காரணம்.

*வாதம் 2: 'நான் யாரையும் அடிக்கலையே'*

இங்கேதான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-வது பிரிவு வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் இது பிரிவு 190. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஒரு சட்டவிரோத நோக்கத்தோடு கூடி, அந்த நோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தால், கூட்டத்தில் இருந்த எல்லோரும் அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு. நீங்கள் அரிவாளை வீசியிருக்க வேண்டியதில்லை. கொலைதான் நோக்கம் என்று தெரிந்து கூட நின்றிருந்தாலே போதும்.

மசால்தி தீர்ப்பு இதை உறுதி செய்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக என்ன செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை என்றது.

*அப்படியானால் பெயர் சொன்னாலே தண்டனையா?*

இல்லை. 40 பேர் கூட்டம், கூச்சல், ஓட்டம். அந்தக் குழப்பத்தில் ஒரு சாட்சி 40 முகத்தையும் சரியாகப் பார்த்திருப்பார் என்று எப்படி நம்புவது? அதனால் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது. குறைந்தது 4 சாட்சிகள் முரணில்லாமல் ஒருவரைக் குறிப்பிட்டுச் சொன்னால்தான் அவருக்குத் தண்டனை.

தலையை எண்ணுகிற இயந்திரக் கணக்கு மாதிரி இது தெரியலாம். உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. ஆனாலும் பலர் தாக்கி, பலர் பாதிக்கப்பட்ட வழக்கில் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகள் ஒரே மாதிரி சொல்கிறார்களா என்று பார்ப்பது சரியான முறைதான் என்று ஏற்றது. தண்டனைகளை உறுதி செய்து, தூக்கு விதிக்கப்பட்டவர்களில் 18, 23, 24 வயதுள்ள மூன்று பேருக்கு மட்டும் அதை ஆயுளாகக் குறைத்தது.

இது சட்டப் புத்தகத்தில் எழுதிய விதி அல்ல. சாட்சியச் சட்டப்படி ஒரே ஒரு நல்ல சாட்சி இருந்தாலும் கொலைக் குற்றத்தை நிரூபிக்கலாம். கும்பல் வழக்கு என்பதால்தான் இந்தக் கூடுதல் சல்லடை.

*வேடிக்கை பார்க்க வந்தவர் கதி?*

இதற்குத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் பதில் இருக்கிறது. 1978-ல் முத்து நாயக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிராமத்து யதார்த்தத்தைப் பேசியது. கோஷ்டிப் பூசல் உள்ள ஊரில் சண்டை என்றால் நிறைய பேர் ஓடி வருவார்கள், அடிக்க அல்ல, என்ன நடக்கிறது என்று பார்க்க. அங்கே நின்றார் என்பதை மட்டும் வைத்து அவரைக் கும்பலில் ஒருவர் என்று முடிவு கட்டக் கூடாது என்றது.

மசால்தியையும் முத்து நாயக்கரையும் சேர்த்துப் படித்தால் கேள்வி தெளிவாகிறது. 'அடித்தாரா?' என்பது மட்டும் கேள்வி இல்லை. 'அங்கே இருந்தாரா?' என்பது மட்டுமே போதாது. 'அந்த நோக்கத்தோடு அங்கே இருந்தாரா?' என்பதுதான் கேள்வி.

*அப்பீலில் வேறு என்ன பார்ப்பார்கள்?*

செஷன்ஸ் கோர்ட் தண்டித்தால் அப்பீல் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே சட்ட நுணுக்கம் மட்டுமல்ல, சாட்சியம் முழுவதையும் நீதிபதிகள் மறுபடி எடைபோடலாம். வழக்கமாக அவர்கள் நோண்டுகிற இடங்கள் இவை:

- எஃப்.ஐ.ஆர் எப்போது பதிவானது, மாஜிஸ்திரேட் கைக்கு எப்போது போனது? இடைவெளி நீண்டு, அதற்கு விளக்கமும் இல்லையென்றால், உட்கார்ந்து பேசிப் பெயர் சேர்த்தார்களோ என்ற சந்தேகம் வரும்.
- சாட்சி சொன்ன ஆயுதமும் பிரேதப் பரிசோதனையில் உள்ள காயமும் ஒத்துப்போகிறதா?
- ராத்திரி சம்பவம் என்றால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது?
- குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பிலும் பெரிய காயம் இருக்கிறதா? அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு சொல்லாவிட்டால், சம்பவத்தின் ஒரு பாதியை மறைக்கிறார்கள் என்று கோர்ட் நினைக்க இடமுண்டு. 1976-ல் பீகாரிலிருந்து வந்த லட்சுமி சிங் வழக்கு இதற்கு முன்னுதாரணம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழி இந்திய கோர்ட்டில் செல்லாது. ஒரு சாட்சி நாலு பேர் விஷயத்தில் மிகைப்படுத்தினார் என்பதற்காக அவர் சொன்ன எல்லாமே பொய் ஆகிவிடாது. உமியை ஊதிவிட்டு அரிசியை எடுப்பது நீதிபதியின் வேலை. அதனால்தான் ஒரே தீர்ப்பில் சிலர் வெளியே வருகிறார்கள், சிலர் உள்ளேயே இருக்கிறார்கள். உமியும் அரிசியும் பிரிக்கவே முடியாமல் கலந்துகிடந்தால், சந்தேகத்தின் பலன் எல்லோருக்கும் போய்விடும்.

*இதில் நஷ்டம் யாருக்கு?*

முதல் நஷ்டம், பகையாளி வீட்டில் பிறந்த ஒரே காரணத்துக்காகப் பட்டியலில் ஏறிய பையனுக்கு. பிறகு அப்பீலில் விடுதலை ஆனாலும், ஜெயிலில் போன வருஷங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

ஆனால் அடுத்த நஷ்டம் செத்தவரின் குடும்பத்துக்கு. "அந்த வீட்டு ஆம்பளை எல்லார் பேரையும் சேர்த்துடு" என்று ஊர்ப் பெரியவர் யோசனை சொல்லும்போது வழக்கு பலமாகிற மாதிரி தோன்றும். நடப்பது தலைகீழ். வெளியூரில் வேலை பார்த்தவர் பெயர் பட்டியலில் இருந்து, அவர் அன்றைக்கு அங்கே இல்லை என்பது ஆபீஸ் வருகைப் பதிவில் நிரூபணமானால், அவரைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சி நிஜக் கொலையாளியைப் பற்றிச் சொன்னதும் ஆட்டம் காணும். பொய்யாகச் சேர்த்த ஒவ்வொரு பெயரும் உண்மையான குற்றவாளிக்குக் கிடைக்கிற ஒரு வாதம்.

அடுத்த முறை 'அப்பீலில் விடுதலை' என்று செய்தி வந்தால் தீர்ப்பில் ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள். விடுதலையானவரைச் சம்பவ இடத்தில் பார்த்ததாக எத்தனை பேர் முரணில்லாமல் சொன்னார்கள்? ரெண்டு கோஷ்டி கமென்ட்டுக்கும் பதில் பெரும்பாலும் அங்கே இருக்கும்.