இந்தப் பட்டியல் எந்த ஊருக்கு எழுதியது?

 கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

டிரையத்லான் தெரியும்தானே? நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி. 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. 2019-இல் கோவாவில் நடந்த அயர்ன்மேன் 70.3 பற்றிச் சிலர் படித்திருப்பீர்கள். அங்கே சைக்கிளும் ஓட்டமும் தார்ச்சாலையில்தான். இதற்கு ஒரு முரட்டுத் தம்பி உண்டு. ஏரியிலோ கடலிலோ நீந்தி ஏறி, காட்டுப் பாதையில் மவுண்டன் பைக் ஓட்டி, கல்லும் வேருமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் ஓடி முடிக்க வேண்டும். 1996-இல் ஹவாயின் மாவி தீவில் தொடங்கிய எக்ஸ்டெரா போட்டிதான் இதில் பேர் போனது. வழக்கமாக 1.5 கி.மீ. நீச்சல், 30 கி.மீ. அளவுக்கு சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்.

நம் நெரவிப் பையன் ஒருவனுக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது 34 வயது, இரண்டு பிள்ளைகள். வெளிமாநிலத்தில் மலைப்பக்கம் நடக்கும் போட்டி ஒன்றுக்குப் பேர் கொடுக்கப் போகிறானாம். இணையத்தில் எடுத்த ஒரு சாமான் பட்டியலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கூட்டிப் பார்த்தேன், இரண்டே முக்கால் லட்சம் வந்தது. மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க சார் என்று கேட்டான். பெயர் போடாமல் எழுதலாம் என்று அவனே சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

போட்டிக்குப் போகட்டும். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். (அவள் சம்மதித்துவிட்டாள் என்கிறான். நம் வீட்டுப் பெண்கள் எதற்குத்தான் சம்மதிக்கவில்லை?)

அந்தப் பட்டியல் பொய் இல்லை. ஆனால் அது வேறு ஊருக்கு எழுதியது. முதல் வரியிலேயே வெட்சூட், அதாவது ரப்பர் மாதிரியான நீச்சல் உடை. பிரான்சில் இருக்கும் என் தங்கை மகனிடம் விசாரித்தேன். அங்கே வோஜ் மலையில் சோன்ருப்ட் என்ற ஊரில் எக்ஸ்டெரா நடந்திருக்கிறது, அவன் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறான். "மாமா, அந்த ஏரித் தண்ணியில காலை வெச்சாலே விறைச்சுப் போயிடும்" என்றான். அங்கே அந்த உடை வேண்டும்தான். நம் வங்கக்கடல் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் வெதுவெதுப்பாக இருந்தால் அந்த உடையைப் போட விதிகளே அனுமதிப்பதில்லை. ஆக, அடகு வைத்து வாங்கியதைப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்.

ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் இலங்கைக் கரையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தி, நீந்தியே திரும்பினார். 51 மணி நேரம். நமக்குத் தெற்கே கோடியக்கரைப் பக்கத்துக் கடல்தான் அது. நம் குற்றாலீஸ்வரன் 1994-இல் சின்னப் பையனாக ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தார். இவர்களிடம் இருந்தது பழக்கம். அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

பட்டியலில் நீச்சல் கற்பது என்று ஒரு வரி இல்லையே என்பதுதான் எனக்குப் பயம். அவனுக்குக் குளத்து நீச்சல் தெரியும். கடல் வேறு. கைபிடிக்கச் சுவர் இல்லை, அடி தெரியாது, பக்கத்தில் பத்துப் பேர் கையும் காலும் வீசுவார்கள். டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தவர்கள், பெரும்பகுதி நீச்சலின்போதுதான் நேர்ந்தது என்று கண்டிருக்கிறார்கள். விழுந்து எலும்பு முறிவது சைக்கிளில், உயிர் போவது தண்ணீரில். அதனால் தம்பி, அரசலாற்று முகத்துவாரத்துப் பக்கம் தனியாக இறங்காதே. ஐப்பசி கார்த்திகையில் கடலைத் தொடவே தொடாதே. மற்ற மாதங்களில் பட்டினச்சேரிப் பக்கம் மீனவ நண்பர் யாரையாவது ஃபைபர் படகில் கூட வரச் சொல். டீசல் காசை நீ கொடு. அது வெட்சூட்டைவிட நல்ல செலவு. தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பி, நல்ல நீச்சல் கண்ணாடி, கழுத்திலும் அக்குளிலும் வாசலின். உப்புத் தண்ணீரில் தோல் உரசினால் எரியும் எரிச்சலை நம் ஊர்க்காரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிளுக்கு வருவோம், பணம் போவது அங்கேதான். கார்பன் ஃபிரேம் வேண்டுமாம். எடை ஒன்றிரண்டு கிலோ குறையும். தம்பி, உன் வயிற்றில் நாலு கிலோ குறைக்கலாம், காசு செலவில்லை! முன்பக்கம் மட்டும் ஷாக் அப்சார்பர் வைத்த அலுமினிய சைக்கிள் போதும், பழையதாக இருந்தாலும் சரி. ஆனால் பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. இறக்கத்தில் ஈரக் கல் மேல் போகும்போது டிஸ்க் பிரேக்தான் காப்பாற்றும். ஹெல்மெட் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது.

அந்தப் பட்டியலில் இல்லாத நம் ஊர் விஷயங்களையும் சொல்கிறேன். வாய்க்கால் கரையெல்லாம் சீமைக் கருவேலமுள். பயிற்சிக்குப் போனால் நாளுக்கு ஒரு பஞ்சர் நிச்சயம். ட்யூப் இல்லாத டயரில் அடைக்கும் திரவம் ஊற்றிக்கொண்டால் சின்ன முள் குத்தியது தானாகவே அடைந்துவிடும். இதற்குச் செலவு செய்யலாம். அடுத்தது உப்புக் காற்று. கடற்கரைக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் இரண்டு லட்சம் ரூபாய் சைக்கிளும் துருதான் பிடிக்கும். மழைக்காலத்தில் நம் களிமண் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. அதனால் அந்த இடைவெளி அகலமாக இருக்கும் சைக்கிளாகப் பார்த்து எடு.

காசால் தீராத குறை ஒன்று நமக்கு உண்டு. நெரவியில் மேடு ஏது? பாலத்தின் ஏற்றம்தான் நம் மலை. எதிர்க்காற்றில் மிதித்தால் கால் வலுக்கும், இறக்கத்தில் சைக்கிளைப் பிடிக்கும் கை வராது. போட்டிக்கு முன் பத்து நாளாவது பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம் போய் மண் பாதையில் பழகு. கார்பன் சக்கரத்துக்கு வைத்த பணத்தில் பஸ் செலவு, தங்கும் செலவு எல்லாம் போக மிச்சம் வரும்.

ஷூ மட்டும் நல்லதாக வாங்கு. அடியில் பிடிமானம் இருக்க வேண்டும், நனைந்தால் தண்ணீர் வடிய வேண்டும், விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும். ஈரக் காலோடு பத்து கிலோமீட்டர் ஓடப் போகிறாய். வழியில் தண்ணீர் அடிக்கடி கிடைக்காது, முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை வேண்டும். பயிற்சி நாட்களில் உப்புப் போட்ட மோர் குடி.

வயதாகிவிட்டதோ என்றும் கேட்டிருந்தான். நெட் ஓவரெண்ட் என்ற அமெரிக்கர் 1998, 1999 இரண்டு ஆண்டும் எக்ஸ்டெரா உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. 34 எல்லாம் ஒரு வயதா?

இனி உறவுகளுக்கும் வெளியூரில் இருக்கும் என் பிள்ளைகளுக்கும். சென்னை, பெங்களூரில் இருக்கும் உங்களில் பலர் ஆசையாக மவுண்டன் பைக் வாங்கி, நாலு ஞாயிறு ஓட்டிவிட்டு பால்கனியில் சாய்த்து வைத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். 29 அங்குலச் சக்கரம், டிஸ்க் பிரேக், ஐந்தடி எட்டு அங்குல உயரத்துக்குப் பொருந்துவதாக இருந்தால் விலை சொல்லி எனக்கு எழுதுங்கள். சும்மா கேட்கவில்லை, நியாயமான விலை கொடுப்பான். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் இந்த முறை சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் குறைத்துக்கொண்டு ஒரு புது ஹெல்மெட் கொண்டுவரலாம். தலைச் சுற்றளவு 57 செ.மீ., நானே டேப் வைத்து அளந்தேன்.