அரூர் மண்ணை யாருக்காகப் படிக்கிறார்கள்?

அரூர்ப் பக்கம் மாலிப்டினம் இருக்கிறது என்றதும் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு இது நாட்டின் எதிர்காலம். இன்னொன்றுக்கு ஊரே போச்சு. அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலத்தை மக்கள் போராடி 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்ததைப் பார்த்தவன் என்பதால் நானும் இரண்டாவது கட்சிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆனால் என் சண்டை வேறு. ஏலத்துக்கு வெகுகாலம் முன்பே மண்ணை அள்ளிப் பரிசோதிக்கிறார்களே, அதைப் பற்றி இரண்டு கட்சியும் வாயே திறப்பதில்லை.

அரூர்–ஊத்தங்கரைப் பட்டையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பல ஆண்டுகளாகத் தேடி வருகிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு ஏலத்துக்கு விட்ட முதல் 20 முக்கியக் கனிமத் தொகுதிகளில் நொச்சிப்பட்டி, வேலம்பட்டி மாலிப்டினமும் இருந்தன. இங்கே பல இடங்களில் பாறை கண்ணுக்குத் தெரியாது. மேலே செம்மண், கீழே சுக்கான், அதற்கும் கீழே மக்கிய பாறை. கிணறு வெட்டுகிறவரைக் கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவார். அதனால் தாது விட்டுப்போன தடத்தை மண்ணின் வேதியியலில் தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தடம் லேசில் பிடிபடாது. காரத் தண்ணீரில் மாலிப்டினம் கரைந்து தூரம் போய்விடும். அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் இரும்புத் துரு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண் எகிறிய இடத்துக்கு அடியிலேயே தாது இருக்க வேண்டியதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் சேலஞ்சர் தங்கச் சுரங்கத்துக்கு 1995இல் வழி காட்டியதே சுக்கான் மாதிரிகள்தான்.

அதே சுக்கானை இப்போது கிணற்றுப் பக்கமிருந்து பாருங்கள். தண்ணீரிலிருக்கும் கால்சியம் சுக்கானாகப் படியப் படிய, ஃப்ளோரைடைக் கட்டிப்போட ஆளில்லை. அது தண்ணீரில் ஏறுகிறது. தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைகளின் பற்களில் இருக்கும் பழுப்புக் கறைக்கு இந்த வேதியியலும் ஒரு காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். மாலிப்டினமும் லேசுப்பட்டதல்ல. மேய்ச்சல் நிலத்தில் மிகுந்தால் மாட்டுக்குத் தாமிரக் குறைபாடு வந்து கழிச்சலில் இளைத்துப்போகும். இங்கிலாந்தின் சாமர்செட்டில் 1930களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அரூரில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

பார்ப்பதற்கான எண்கள் ஏற்கெனவே எடுக்கப்படுகின்றன. தேசியப் புவிவேதியியல் வரைபடத் திட்டத்தில் 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டத்துக்கு ஒரு கூட்டு மாதிரி. அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்கள். அதில் ஃப்ளோரினும் உண்டு. நம் வரிப்பணம். அது வெளியே வரும் வடிவம் மட்டும் ஆங்கில அறிக்கை, இணைய வரைபட அடுக்கு, ஏல ஆவணம். டேட்டாவை இணையத்தில் ஏற்றிவிட்டால் பொதுவில் வைத்துவிட்டதாக அர்த்தம் என்று என் தொழில்காரர்கள் நம்புவார்கள். ஆடு மேய்க்கிற அக்கா எந்த அடுக்கைச் சொடுக்குவார்?

மக்களுக்குப் புரியாது என்பார்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டு எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்கிறவர்களுக்கா புரியாது? முதலீட்டாளருக்குக் கொடுக்கும் அதே அட்டவணையை, ஏலத்துக்கு முன்னால், கிராம சபையில் தமிழில் வாசியுங்கள். உங்கள் கட்டத்தில் ஃப்ளோரின் இவ்வளவு, மாலிப்டினம் இவ்வளவு, இந்தப் போர்த் தண்ணீரைச் சோதித்த பிறகு குடியுங்கள் என்று. சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்வோம்.