பட்டியல் கேட்கும் சட்டம்

கொழும்பில், குறிப்பாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், போர்க்காலத்தில் வாடகைக்கு வீடோ லொட்ஜில் அறையோ எடுத்த தமிழர்கள் முற்பணத்தோடு பொலிஸ் பதிவையும் பேசி முடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருப்போர் எத்தனை பேர், அவர்களில் குடும்பத்தவர் யார், வந்து தங்கியிருப்போர் யார், எந்த ஊரவர், என்ன அலுவலாக வந்தனர் என்ற விவரங்களைப் படிவத்தில் நிரப்பி, முத்திரை பதித்த பிரதியை நள்ளிரவுச் சுற்றிவளைப்பில் காட்டுவதற்கென்று அடையாள அட்டைகளோடு சேர்த்து வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம். இந்நடைமுறை போரோடு பிறந்தது என்பதே பொதுவான எண்ணம். அவசரகால ஒழுங்குவிதிகள் அதற்குக் கூடுதல் பலம் தந்தது உண்மையென்றாலும், அதன் வேர் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில், அதாவது பிரித்தானிய முடியின் கீழிருந்த சட்டசபை இயற்றிய சட்டமொன்றில் இருக்கிறது. கேட்கப்படும்போது வீட்டில் வசிப்போரின் பட்டியலைக் குடும்பத்தவர், வேலையாட்கள், பிறர் என வேறுபடுத்தி ஒப்படைக்கும் கடமையை வீட்டுக்காரர் மீது சுமத்துவது அச்சட்டத்தின் 76ஆம் பிரிவாகும்.

சட்டம் நிறைவேறிய அடுத்த ஆண்டில் பொலிஸ் படையின் தலைமையை ஏற்ற ஜி. டபிள்யூ. ஆர். கேம்பல், பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியிலிருந்து வந்தவர். பேரரசின் குடியேற்றங்களில் பொலிஸுக்கு முன்மாதிரியாக இருந்தது அயர்லாந்தின் ஆயுதமேந்திய கொன்ஸ்டபிள் படை. ஆளப்படுவோரின் சம்மதத்தை எதிர்பாராமல் அவர்களைக் கண்காணிப்பதற்கென்று அமைந்த அப்படையின் மரபே இங்கும் ஊன்றப்பட்டது. கேம்பல் பதவியேற்ற செப்டெம்பர் 3ஆம் திகதியைச் சுதந்திர இலங்கையின் பொலிஸார் இன்றும் தமது ஆண்டு விழாவாகக் கொண்டாடுகிறார்கள் என்பதில் ஒருவகை நேர்மையும் இருக்கிறது.

இத்தகைய சட்டங்கள் நீடிப்பதற்குக் கவனக்குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அடிப்படை உரிமைகளை விதந்துரைக்கும் அதே அத்தியாயத்தின் 16ஆம் உறுப்புரையில், அரசியலமைப்புக்கு முன்பிருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் யாவும் அவ்வுரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று விதித்துவைத்திருக்கிறது. ஆகவே 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையும், பொது வேலைநிறுத்தத்தின் அச்சத்தில் சுதந்திரத்துக்குச் சில மாதங்களுக்கு முன் அவசரமாக நிறைவேற்றப்பட்ட 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் உரிமைகளின் உரைகல்லில் உரசிப் பார்க்கப்படாமலே தப்பிவிடுகின்றன. இவற்றில் கடைசியானதே அவசரகால ஆட்சிக்குத் தாய்ச்சட்டம். 1953 ஆகஸ்ட் ஹர்த்தாலின்போது அதைக் கையிலெடுத்த சுதந்திர இலங்கையின் ஆட்சியாளர், பிற்காலத்தில் அதை ஆண்டுக்கணக்கில் கீழே வைக்கவில்லை.

இதைவிடக் கூர்ந்து நோக்க வேண்டியது, காலனிய மரபில் எது கைவிடப்பட்டது என்பதாகும். இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 25ஆம் பிரிவில் தடுத்தது. தான் அமைத்த பொலிஸாரைத் தானே நம்பாத அரசொன்றின் எச்சரிக்கை அது. 1979இல் மூன்றாண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்திலுள்ளவரிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றதோடு, அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் கைதியின் தலையிலேயே கட்டியது. அதன் விளைவைச் சிங்கராசா வழக்கில் காணலாம். சிங்கள மொழியில் எழுதி, கைவிரல் அடையாளம் பெறப்பட்ட வாக்குமூலத்தையே ஆதாரமாகக் கொண்டு, அம்மொழி அறியாத தமிழர் ஒருவருக்கு 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் இதை உரிமை மீறலெனக் கண்டபோதும், 2006இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்கு இங்கு வலுவில்லை என்றது.

காலனியச் சட்டத்தில் இப்படியொரு பாதுகாப்பு இருந்ததை வைத்து, அக்கால நீதியமைப்பின் உச்சியான கோமறைக் கழகம், அதாவது இலண்டனிலிருந்த இறுதி மேன்முறையீட்டு மன்று, தமிழரைக் காத்துநின்றது என்று யாரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. மலையக மக்களை நாடற்றோராக்கிய குடியுரிமைச் சட்டத்தில் அம்மன்று 1953இல் குறையெதுவும் காணவில்லை. ஆயினும், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் சம்பள உயர்வை இழந்த அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் வழக்கை 1969இல் அது உயிர்ப்பித்து, தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இலங்கை நீதிமன்றத்திடமே திருப்பியனுப்பியது. கேள்விக்குப் பதில் வரவில்லை. 1971இல் இலண்டனுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டமியற்றலைத் தடுத்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு 1972இல் மறைந்தது. இவை அந்நியத் தளைகளை அறுத்த செயல்களாகப் போற்றப்பட்டன. அதே அந்நியரின் 76ஆம் பிரிவை அறுக்க எவருக்கும் கை வரவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு 2022இல் செய்யப்பட்ட திருத்தமும் பொலிஸ் வாக்குமூலத்தைச் சான்றாக்கும் பிரிவைத் தொடாமலே விட்டது. அச்சட்டத்தை நீக்கக் கோருவோர், 1895இலேயே இருந்த பாதுகாப்பைத் திருப்பித் தரவும், அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையை அகற்றவும் சேர்த்தே கோர வேண்டும். இல்லையேல் புதிய பெயரில் வரும் எந்தச் சட்டத்துக்கும் பக்கத்துணையாக 1865 ஆயத்தமாக நிற்கும்.