மலைக்கு ஏற்ற மஞ்சள் எது?

மஞ்சள் இல்லாத வீடு உண்டா? குழம்புக்கு மஞ்சள், கல்யாணத்துக்கு மஞ்சள், பொங்கல் பானைக்கும் மஞ்சள்! உலகில் விளையும் மஞ்சளில் 100-க்கு 70 பங்குக்கு மேல் இந்தியாவில்தான் விளைகிறது.

மஞ்சளுக்கென்று ஒரு தேசிய வாரியம் 2023-ல் அமைக்கப்பட்டது. 2025 ஜனவரி 14-ந் தேதி நிஜாமாபாத்தில் அதன் பணி தொடங்கியது. ஏற்றுமதியைப் பெருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல காரியம்தான். ஆனால் மஞ்சள் பயிரிடும் குடியானவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது. "எந்த ரகத்தை நடுவது?" என்பதே அது.

மேலே குளிர், கீழே வெயில்

கள்ளக்குறிச்சியைப் பாருங்கள். 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆன ஊர் இது. இங்கே கோமுகி அணை ஓரம் நின்றால் ஒரு பக்கம் சமவெளி. மறுபக்கம் கல்வராயன் மலை. சமவெளியிலும் மஞ்சள் உண்டு. மலையிலும் மஞ்சள் உண்டு. ஆனால் 1,000 மீட்டர் மேலே ஏறினால் சுமார் 6 டிகிரி சூடு குறைந்துவிடும். மண் வேறு, தண்ணீர் வசதியும் வேறு. ஆகவே கீழே அமோகமாக விளைந்த ரகம் வெள்ளிமலையிலும் அப்படியே விளையும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

மிளகு சொல்லும் பாடம்

கேரளத்தில் பிறந்த 'பன்னியூர்-1' என்ற மிளகு, உலகின் முதல் கலப்பின மிளகு. வெளிச்சம் உள்ள இடத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மர நிழல் அடர்ந்த தோட்டத்திலோ ஏமாற்றிவிடும். கொடி ஒன்றுதான், இடம்தான் வேறு!

மஞ்சளும் அப்படித்தான். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் பி.எஸ்.ஆர்.1 ரகத்தை 1986-லும், பி.எஸ்.ஆர்.2 ரகத்தை 1994-லும் தந்தது. கோழிக்கோடு ஆராய்ச்சி நிலையம் தந்த 'பிரதிபா' ரகமும் பெயர் பெற்றது. மஞ்சளுக்கு நிறமும் விலையும் தரும் சத்து குர்க்குமின். அதன் அளவுகூட மண்ணுக்கும் சீதோஷ்ணத்துக்கும் தக்கபடி மாறுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்வோம். முதல் ரகம் நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு 12 டன் தருகிறது. கெட்ட வருஷத்தில் 4 டன். இரண்டாவது ரகம் நல்ல வருஷத்தில் 9 டன்; கெட்ட வருஷத்தில் 7 டன். இரண்டுக்கும் சராசரி 8 டன்தான்.

பணம் உள்ளவர் முதல் ரகத்தை நட்டுப் பார்க்கலாம். கடன் வாங்கியவர் கதி என்ன? ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ விதை மஞ்சள் வேண்டும். எட்டு, ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு 4 டன்தான் கிடைத்தால் வட்டி கட்டுவதா, பிள்ளைக்குப் பள்ளிச் செலவு செய்வதா? அவருக்கு இரண்டாவது ரகமே துணை.

இதைத்தான் 'விளைச்சலின் நிலைத்தன்மை' என்கிறார்கள் நிபுணர்கள். ஒரே ரகத்தைப் பல ஊர்களில், பல வருஷம் நட்டுப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். இதை அளக்க எபர்ஹார்ட், ரசல் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1966-ல் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது.

செய்ய வேண்டியது

புது ரகம் வாங்கும்போது, "எத்தனை டன் விளையும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த ஊரில், எத்தனை வருஷம் சோதித்தார்கள்? குறைந்தபட்சம் எவ்வளவு விளைந்தது?" என்றும் கேளுங்கள். முதலில் பத்து சென்ட் நிலத்தில் நட்டுப் பாருங்கள். பழைய ரகத்தை அடியோடு விட்டுவிட வேண்டாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சோதனைப் பாத்தி சமவெளியில் மட்டும் இருந்தால் போதாது. மலை மேலும் வேண்டும். மலைக்காரர் நடும் மஞ்சளுக்கு மலை மண்தான் சாட்சி சொல்ல வேண்டும்!