ஒரே வழக்கு, மூன்று முடிவுகள்: தூக்குத் தண்டனை சமமாக இருக்கிறதா?

கொடூரமான குற்றச் செய்தி ஒன்று போனில் வந்ததும், "இவனையெல்லாம் தூக்குல போடணும்" என்றுதான் நம்மில் பலருக்குத் தோன்றும். அந்தக் கோபத்தில் தப்பில்லை. ஆனால், யாரைத் தூக்கில் போடுவது என்பதை எது தீர்மானிக்கிறது?

உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றைப் பாருங்கள். நான்கு பேர் கொலையில் மூவருக்கு 1975-ல் தூக்குத் தண்டனை. மூவரும் உச்ச நீதிமன்றத்துக்குத் தனித்தனியாகப் போனார்கள். விசாரித்த அமர்வுகள் வேறு. ஒருவரின் மனு தள்ளுபடியானது. 1977-ல் இன்னொருவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மூன்றாமவர் ஹர்பன்ஸ் சிங். அவர் மனுவும் தள்ளுபடிதான். கடைசி நேரத்தில் ரிட் மனு போட்டுத் தடை வாங்கினார். மனு போடாத முதலாமவர் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு. 1980-ல் பச்சன் சிங் வழக்கில், 'அரிதிலும் அரிதான' வழக்குகளில் மட்டும் தூக்கு என்று 4-க்கு 1 பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. மாறுபட்ட நீதிபதி பி.என்.பகவதி, எது அரிது என்பது நீதிபதிக்கு நீதிபதி மாறும். அது 14-வது பிரிவு தரும் சமத்துவத்துக்கே எதிரானது என்றார்.

அவர் சொன்னது தப்பா? ராஜீவ் கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. 3 பேருக்கு ஆயுள். மீதி 4 பேரின் தூக்கும் பிற்பாடு ஆயுளாகக் குறைந்தது.

"அப்போ பாதிக்கப்பட்டவங்களுக்கு நீதி?" நியாயமான கேள்வி. தண்டனைக் குறைப்பே இல்லாமல் கடைசி மூச்சுவரை சிறையில் வைக்க முடியும் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயங்கரவாத வழக்குகள் தவிர மற்றவற்றில் தூக்கை ஒழிக்கலாம் என்று 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. ஆனாலும் 2024-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தூக்கு தொடர்கிறது.

சிறையில் தப்பாக அடைத்தவரைத் திறந்து விடலாம். ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்கும்படி 1982-ல் குடியரசுத் தலைவருக்கு உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்தது. நான்கு மாதங்களுக்கு முன் தூக்கிலேறியவருக்கு அதனால் செய்ய முடிந்தது எதுவுமில்லை.